அமாலியின் பனிக்காலங்கள்

சூசைமுனையில் முதன்முதலாகப் பனி கொட்டிய காலையில் ஊர் செய்த முதல் காரியம், மணலில் காயப்போட்டிருந்த நெத்திலியை அள்ளி உள்ளே போட்டதுதான். மழைக்கு என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். தார்ப்பாயை இழுத்து வலைகளை மூடினார்கள், பிள்ளைகளை அதட்டி உள்ளே விரட்டினார்கள், வானத்தைப் பார்த்து இரண்டு கெட்ட வார்த்தை சொன்னார்கள். அதற்கப்புறம்தான் தலையில் விழுவது நனைக்காமல் உட்காருவதையும், பனையோலைகள் பாரம் தாங்காமல் வளைவதையும், கடல் மட்டும் தன்பாட்டுக்கு அந்த வெள்ளையை விழுங்கிக்கொண்டிருப்பதையும் கவனித்தார்கள். மீன் ஏலம் விடும் சந்தியாகு ஒரு பிடி அள்ளி முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்ல" என்றார். உப்பு இல்லையென்றால் கடல் சம்பந்தப்பட்டதில்லை, கடல் சம்பந்தப்படாததற்கெல்லாம் பயந்துகொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது என்று ஊர் அவரவர் வேலைக்குத் திரும்பியது.

யார் வீட்டுப் பனி என்பதும் மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. மிக்கேலம்மாள் வீட்டு ஓட்டின்மேல் அது முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. பக்கத்து வீடுகளில் கணுக்கால் அளவு, ஊர்க்கோடியில் சுண்ணாம்பு பூசினாற்போல. அந்த வீட்டுக்கு ஒரு வாரம் முன்புதான் நார்வே தேசத்திலிருந்து மகள் வந்திருந்தாள். அமலோற்பவம் என்று இதே ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள். கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராத வருசத்தில், நாலு வயதில், கன்னியர் இல்லம் வழியாகத் தத்துப் போனவள். வளர்த்தவர்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாமல் அமாலி ஆகி, முப்பதைத் தாண்டி, இப்போது பெற்றவளைத் தேடி வந்திருந்தாள். விட்டுப்போன தமிழை அங்கே பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தியிடம் புதிதாகக் கற்றிருந்ததால், அவள் வாய் திறந்ததும் சூசைமுனை பழைய சிலோன் ரேடியோவைக் கேட்ட சந்தோஷத்தில் சிரித்தது.

காரை விட்டு இறங்கிய அன்று அவள் கைகூப்பி, "வணக்கம் அம்மா. சுகமா இருக்கிறியளோ?" என்றாள். கோயிலுக்கு வரும் விருந்தாளிக்குச் சொல்கிற அதே மரியாதை. மிக்கேலம்மாள் சிரித்துக்கொண்டே நின்றாள். சிரிப்புக்குள் முகம் உடைந்து கிடந்ததை மூத்தவன் கஸ்பார்கூடப் பார்க்கவில்லை.

கேட்பதற்கு மிக்கேலம்மாளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அங்கே போன புதிதில் நீ என்னைத் தேடி அழுதாயா? இதை அவள் இத்தனை வருசமாகச் சோறு பொங்கும்போதும் கருவாடு புரட்டும்போதும் ஜெபமாலை உருட்டும்போதும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால், பிள்ளையைக் கன்னியர்கள் வந்து கூட்டிப்போனார்கள் என்றுதான் ஊருக்கும் கஸ்பாருக்கும் தெரியும். நடந்தது வேறு. இவள்தான் கூட்டிப்போனாள். கன்னியர் வீட்டு நடையிலிருந்த பெஞ்சில் உட்காரவைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்து, "தண்ணி குடிச்சிட்டு வந்துருதேன், எழும்பாம இரி" என்று சொல்லிவிட்டு, பக்கவாசல் வழியாக வெளியேறி, பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள்.

அதை நேராக எப்படிக் கேட்பது? சுற்றி வளைத்து வரலாம் என்று நினைத்துத்தான் அன்று காலையில் அடுப்படியில் வைத்து, "அங்க பனி பெய்யுமா மக்கா?" என்று ஆரம்பித்தாள்.

"பெய்யுமோவோ! ஐயோ அம்மா, நான் ஒன்பது வயசில இருக்கேக்க ஒரு கிறிஸ்மசுக்குக் கதவு திறக்கேலாமப் பெய்தது. மம்மா ஜன்னலால என்னைத் தூக்கி வெளியில போட்டவ. நான் இடுப்பு வரைக்கும் புதைஞ்சு போனன்" என்று அமாலி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். மம்மா என்றது வளர்த்தவளை, இங்கெர் என்கிற கிழவியை. சறுக்குப் பலகையில் இங்கெர் முன்னால் உட்கார, இவள் பின்னால் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ள, மலைச்சரிவில் வழுக்கிக்கொண்டே கோயில் வாசல் வரைக்கும் போனதைச் சொல்லி முடித்தபோது, வெளியே நெத்திலியை அள்ளச் சொல்லி ஊர் கத்திக்கொண்டிருந்தது.

இப்படித்தான் தொடங்கியது. மிக்கேலம்மாள் கேட்பாள், அமாலி ஒரு குளிர்காலத்தைச் சொல்வாள், சொல்லச் சொல்ல அந்தக் குளிர்காலத்துப் பனி சூசைமுனையில் இறங்கும். பல் விழுந்த வருசம் சொன்னால் பொடிப்பொடியாக, காய்ச்சலில் கிடந்த வருசம் சொன்னால் கனத்த கட்டிகளாக, கிறிஸ்துமசுக்கு முந்தின சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பனிக்குள் மெழுகுவர்த்தி நட்டுவைத்த வருசம் சொன்னால், சத்தமே இல்லாமல், இறந்தவர்களைத் தொந்தரவு செய்யாத விதத்தில்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், ஐஸாக எடுத்துக்கொண்டது. மீன் பிடிக்கிற ஊருக்கு வானத்திலிருந்து ஐஸ் விழுந்தால் கவிதையா எழுதுவார்கள்? ஐஸ் கம்பெனி வண்டிக்குக் காத்துக்கிடந்த கரையில் இப்போது அவரவர் வீட்டு முற்றத்தில் மண்வெட்டியால் அள்ளினார்கள். சீலாவும் விளமீனும் பாறைமீனும் அமாலியின் பத்து வயதுக்குள்ளும் பதினோரு வயதுக்குள்ளும் புதைந்து கொல்லம் சந்தைக்குப் போயின. மீன் நாலு நாளைக்கு அப்போதுதான் பிடித்ததுபோல் இருக்கிறது, ஆனால் பெட்டியைத் திறந்தால் ஏலக்காய் ரொட்டி வாசம் அடிக்கிறது என்று வியாபாரிகள் போன் போட்டுக் கேட்டார்கள். "ஏலக்கா வாசத்துக்குத் தனியா காசு கேக்கலையே, வச்சி வித்துக்கோ" என்று சந்தியாகு அவர்கள் வாயை அடைத்தார்.

பின்னே ஊர் உரிமை கொண்டாட ஆரம்பித்தது. கரைவலை இழுக்கிற நாளில் கஸ்பார் வீட்டுக்குள் தலையை நீட்டி, "தங்கச்சி, இன்னைக்கு மீன்பாடு ஜாஸ்தி. பெரிய பனியா ஒண்ணு சொல்லும்மா" என்பான். துவைத்த துணி காயாத பெண்கள், "அடுத்த பனிய நாளைக்கு வச்சிக்கிடச் சொல்லுங்க மதினி" என்று சொல்லியனுப்புவார்கள். பங்குச்சாமியார் ஞாயிறு பூசையில், ஊருக்குப் பனி அருளும் மிக்கேலம்மாள் குடும்பத்துக்காக மன்றாடுவோமாக என்று சேர்த்துக்கொண்டார். கோயிலில் கட்டுகிற கிறிஸ்துமஸ் குடிலுக்கு வருசாவருசம் மருந்துக்கடையில் வாங்குகிற பஞ்சுச் சுருளை இந்த வருசம் வாங்க வேண்டாமென்று கமிட்டி தீர்மானித்தது. பாலனுக்கு அசல் பனியே கிடைக்கும்போது பஞ்சு எதற்கு?

மிக்கேலம்மாள் மட்டும் அந்த நாட்களில் வேறு ஒரு சந்தோஷத்தில் இருந்தாள். இத்தனை வருசம் பார்க்காத பிள்ளையை ஒவ்வொரு வயதாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்கத்தான் தைரியம் வரவில்லை. போன புதிதில் நடந்தது முதல் குளிர்காலத்தில் இருக்கும். அதைக் கடைசியாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று, முதல் நாள் தானாக வந்த ஒன்பது வயதுக்கு அப்புறம், பெரிய வயதிலிருந்து சின்ன வயதுக்கு இறங்கிக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கெர் போனில் வந்தாள். முகம் தெரிகிற போன். வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடி, பின்னால் ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் மண்ணும் சேறும்தான் தெரிந்தன. இந்த வருசம் அங்கே ஒரு பொட்டுப் பனி இல்லையாம், ஊரே அதைத்தான் பேசுகிறதாம் என்று அமாலி தமிழில் எடுத்துச் சொன்னாள். அப்புறம் கிழவி எதையோ கேட்டாள். அமாலி யோசித்தாள். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு மிக்கேலம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நான் எப்பவாவது கிறிஸ்மசுக்கு வைக்கோல் ஆடு செய்தனானா? மம்மா கேக்கிறா. நான் செய்த ஆட்டைப் பரண்ல இருந்து எடுத்து வச்சிருக்கிறாவாம். எனக்கு ஒண்டும் ஞாபகம் வரேல்லை."

முந்தாநாள் அமாலியே மிக்கேலம்மாளிடம் சொன்ன கதை அது. எட்டு வயதில், மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, இங்கெர் வைக்கோல் காலைப் பிடிக்க இவள் கொம்பைப் பின்னி, இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஆடு. அது இப்போது கஸ்பாரின் பெட்டிகளில் பாறைமீனுக்கு மேலேயும் கீழேயும் கிடந்தது.

"செஞ்சிருப்ப மக்கா. சின்னப்பிள்ளையில எல்லாரும் எதாவது செய்றதுதானே" என்றாள்.

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு விளங்கிவிட்டது, சொன்னதெல்லாம் மகளை விட்டுப் போகிறது, பெய்ததெல்லாம் தீர்ந்துபோகிறது என்று நன்றாகவே விளங்கிவிட்டது. ஆனாலும் மறுநாள் காலையில், கைகள் தன்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, "ஏழு வயசுல என்ன நடந்துச்சி மக்கா?" என்று கேட்டாள். கேட்டவள் தாய்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அந்தக் கிழவி பனியாகக் கரைந்து போனால் இவள் இங்கேயே இருந்துவிடுவாள், எனக்கு மட்டும் பிள்ளையாகிவிடுவாள் என்று ஒரு எண்ணம் உள்ளே பாம்பாகச் சுருண்டு படுத்திருந்தது. அதற்குப் பால் வார்க்கிறோம் என்று தெரிந்தே வார்த்தாள். ஏழு வயது பெய்தது. மறுநாள் ஆறு வயது பெய்தது. அதற்கடுத்து ஐந்து வயது, கிடைத்தவருக்குப் பரிசு என்று அரிசிக்கஞ்சிக்குள் ஒற்றை வாதுமையை ஒளித்துவைத்து, அது இவள் கிண்ணத்திலேயே வரும்படி இங்கெர் களவாணித்தனம் பண்ணிய வருசம், மிகவும் அழகாகப் பெய்தது.

அமாலி டிக்கெட்டைத் தள்ளிப்போடுவதாகச் சொன்னாள். அங்கே போய் என்ன செய்ய என்றாள். மிக்கேலம்மாள் அன்று ராத்திரி ஜெபமாலையைக் கையில் எடுத்து, ஒரு மணியையும் உருட்ட முடியாமல் ஆணியில் மாட்டினாள்.

கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயில் மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பனிக் கிறிஸ்துமஸ் பார்க்க உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். குடிலில் ஆடு மேய்ப்பரும் ராசாக்களும் வெறும் மண்ணில் நின்றார்கள். மேலே பனி விழுவதற்காகக் கூரையைக்கூடப் பிரித்து வைத்திருந்தது கமிட்டி. சந்தியாகு மிக்கேலம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மதினி, சனம் காத்துக்கெடக்கு. பூசை தொடங்கவும் பெய்யுத மாதிரி மகளச் சொல்லச் சொல்லுங்க. ரொம்ப நீட்டாம, கச்சிதமா ஒண்ணு."

அடுப்படியில் அமாலியும் மிக்கேலம்மாளும் முந்திரிக்கொத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அமாலியின் போன் அடித்தது. இங்கெர்தான். கிழவி வாழ்த்துச் சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிவப்புக் கையுறையை எடுத்துக் கேமராவுக்கு முன்னால் ஆட்டினாள். ஒற்றைக் கையுறை. ஜோடியைத் தொலைத்த கதை ஒன்று அதற்கு இருக்கவேண்டும். அந்தச் சிரிப்பிலேயே அது தெரிந்தது. அமாலி மரியாதையாகப் புன்னகைத்து, நார்வேக்காரப் பாஷையில் ரெண்டு வார்த்தை சொன்னாள்.

"என்ன சொன்ன?" என்றாள் மிக்கேலம்மாள்.

"வடிவான கையுறை எண்டு சொன்னனான்."

இங்கெரின் சிரிப்பு அப்படியே நின்றது. நின்ற சிரிப்புக்குள் முகம் உடைவதை மிக்கேலம்மாள் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். கார் வந்து நின்ற அன்று, வணக்கம் அம்மா என்று மகள் கைகூப்பியபோது, தன் எலும்புக்கு மேல் அவள் மாட்டிக்கொண்டிருந்த அதே முகம். பெஞ்சில் முறுக்கோடு இருந்த பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கவாசலால் ஓடினவள் நான்; அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தவள் இவள்; இவள் செய்த பாவம் என்ன என்று மிக்கேலம்மாள் தன்னையே கேட்டாள்.

போனை வைத்துவிட்டு அமாலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, முதல் வருசம் ஒண்டுதான் இன்னும் சொல்லேல்லை. அங்க போய் இறங்கின கிறிஸ்மஸ். அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வெளியில எல்லாரும் நிக்கினம். சொல்லட்டே? நான் ஜன்னலுக்குக் கிட்ட நிண்டு..."

ஒரே ஒரு வாக்கியம் தள்ளி அந்தப் பதில் இருந்தது. அழுதாளா, இல்லையா. மிக்கேலம்மாள் கையில் பிடித்திருந்த முந்திரிக்கொத்தை அப்படியே மகள் வாயில் திணித்தாள்.

"பேசாதட்டி. தின்னு. அத நீ வச்சிக்கோ. எனக்குச் சொல்லாத, யாருக்கும் சொல்லாத." கன்னங்கள் உப்ப விழித்த மகளின் இரண்டு கைகளையும் மாவுக்கையோடு பிடித்துக்கொண்டாள். "நான் தப்புப் பண்ணிட்டேன் மக்கா. ஒன்னோடத எல்லாம் தெரிஞ்சே நான் எடுத்துக்கிட்டேன். இப்பத் திருப்பித் தாறேன், வாங்கிக்கோ."

அப்படிச் சொல்லிவிட்டு, வாழ்நாளில் பனியைத் தன் வீட்டு ஓட்டுக்கு மேல் மட்டுமே பார்த்த மிக்கேலம்மாள் ஒவ்வொரு குளிர்காலமாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். கேட்ட வரிசையிலேயே சொன்னாள், ஒன்பது வயதில் ஜன்னல் வழியாகத் தூக்கிப் போட்டதை, இடுப்பைக் கட்டிக்கொண்டு சறுக்கிப் போனதை, காய்ச்சலில் நெற்றிமேல் வைத்த கையை, கல்லறை மெழுகுவர்த்தியைக் காற்றிலிருந்து மறைத்த கையை, கஞ்சிக்குள் வாதுமையை நகர்த்திய கையை, அந்தக் கிழவி கையை ஒரு இடத்திலும் தன் கையாக மாற்றாமல், மாற்றச் சொல்லி நாக்கு கெஞ்சியபோதும் மாற்றாமல் சொன்னாள். சரிவு என்று சொல்லவேண்டிய இடத்தில் மணல்தேரி என்றாள், சறுக்குப் பலகையைக் கட்டுமரம் என்றாள், தேவதாரு மரங்கள் அவள் வாயில் பனைகளாகிவிட்டன. அமாலி யாரோ ஒரு பிள்ளையின் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள். வைக்கோல் ஆட்டின் கொம்பைப் பின்னிய இடம் வந்தது.

"சிவப்பு நாடா" என்றாள் அமாலி திடீரென்று. "கழுத்தில சிவப்பு நாடா கட்டினனாங்கள். அது மம்மான்ர தலைமுடி நாடா."

மிக்கேலம்மாளிடம் அவள் நாடாவைப் பற்றிச் சொன்னதே இல்லை. போய்ச் சேருகிறது என்று தெரிந்து மிக்கேலம்மாள் இன்னும் வேகமாகச் சொன்னாள். அமாலியின் விரல்கள் அவள் கைக்குள் குளிர்ந்துகொண்டே வந்தன.

வெளியே சூசைமுனை முகத்தை வானத்துக்குத் தூக்கியபடி நின்றது. நட்சத்திரங்கள் இருந்தன, காற்று இருந்தது, பனி இல்லை. கோயில் சுவரோர நிழலில் கிடந்த மிச்சப் பனியும் தண்ணீராக ஓடாமலே காணாமல் போனது. மீன் பெட்டிகளில் மீன் மட்டும் கிடந்தது. வேனில் வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். மருந்துக்கடை பூட்டியிருந்தது. கடைசியில் சந்தியாகு வீட்டுக்குப் போய்த் தன் தலையணையைக் கிழித்து இலவம்பஞ்சை அள்ளிவந்து குடிலைச் சுற்றித் தூவினார். பாலன் அதில்தான் பிறந்தார்.

பூசை மணி அடித்தபோது போன் மறுபடி வந்தது. இங்கெர் ஜன்னல் பக்கமாகத் திருப்பிக் காட்டினாள். சேறும் மண்ணும் மறைந்துகொண்டிருந்தன. அங்கே பொடிப்பொடியாகவும் கட்டிகட்டியாகவும் எல்லா வருசத்துப் பனியும் ஒரே நேரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அமாலி போனை இரண்டு கையாலும் பிடித்து, "மம்மா" என்றாள், "மம்மா, அந்த ஆடு" என்றாள், மேலே பேச முடியாமல் அழுதாள். கிழவியும் அழுதாள். மிக்கேலம்மாள் எழுந்துபோய் அடுப்பிலிருந்து எண்ணெயை இறக்கினாள்.

புது வருசத்துக்கு முன்னால் அமாலி கிளம்பினாள். கஸ்பார் பெட்டியைக் காரில் வைத்தான். மிக்கேலம்மாள் வாசலில் நின்றாள், தெருவில் நின்றாள், கார் வளைவில் திரும்புகிற வரைக்கும் மகள் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே நின்றாள். இந்தத் தடவை தண்ணி குடிக்கப் போகவில்லை.

ரொம்ப நாளைக்கு அப்புறம்தான் கஸ்பாருக்கு விசயம் பிடிபட்டது. பேச்சுவாக்கில் அந்த வைக்கோல் ஆட்டைப் பற்றி ஏதோ சொன்னான். மிக்கேலம்மாள் அவனை வெறித்துப் பார்த்து, "எந்த ஆடு?" என்றாள். ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தான். சறுக்கினது, காய்ச்சல், கஞ்சி. ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்ததில் தனக்கென்று ஒரு துணுக்கைக்கூட அவள் மிச்சம் வைத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அமாலி போனில் வந்தால், இவள் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"அங்க பனி பெய்யுமா மக்கா?"

"பெய்யுதம்மா" என்பாள் அமாலி. அதற்குமேல் சொல்லமாட்டாள். சொல்லாதே என்று வாயில் திணித்த கை அவளுக்கு ஞாபகம் இருந்தது.

கஸ்பார் வழியாக விசயம் ஊருக்கும் தெரிந்தது. அடுத்த கிறிஸ்துமசுக்குச் சூசைமுனைக்காரர்கள் குடிலில் பஞ்சு வைக்கவில்லை. கமிட்டி கூடவும் இல்லை, தீர்மானம் போடவும் இல்லை. யாரோ நாலு கூடை கடற்கரை மணலைக் கொட்டிப் பரப்பினார்கள், மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பார்த்துவிட்டுப் போனார்கள். சந்தியாகு மட்டும், பழைய ஐஸ் கம்பெனி வண்டி வரும்போதெல்லாம், ஒரு பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்.

தவக்காலத்தில் மிக்கேலம்மாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பொறாமைப்பட்டதைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரியை ஏசினதைச் சொன்னாள், ஜெபமாலை சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். சாமியார் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "வேற ஏதாவது இருக்காம்மா? மனசுல உள்ளத எல்லாம் எறக்கி வச்சிரணும்" என்றார்.

அவளிடம் இன்னும் ஒன்று இருந்தது. கன்னியர் வீட்டு நடையில் ஒரு பெஞ்சு, தரைக்கு எட்டாமல் ஆடுகிற இரண்டு கால்கள், முறுக்கைக் கடித்துக்கொண்டே, சரிம்மா என்று தலையாட்டுகிற நாலு வயது. பிள்ளையின் முகம் அவளிடம் மிச்சமிருப்பது அந்த ஒரே இடத்தில்தான். சொன்னால் மன்னிப்புக் கிடைக்கும் என்று தெரியும். சொன்னதெல்லாம் போய்விடும் என்றும் தெரியும்.

"அவ்வளவுதான் சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.